அச்சமும் விசுவாசமும்: பெர்னானோஸின் ‘கார்மேல் கன்னியரின் உரையாடல்கள்’ பற்றிய ஒரு மதிப்பீடு

1

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது தோன்றுதற்குரிய நிலைக்களங்கள் நான்கு என வகுத்தார். வருத்துந் தன்மையுடைய அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், தம்மேல் ஆணை செலுத்தும் இறை என்பன அவை. இந்நான்கும் அஞ்சுபவனுக்குப் புறத்தே நிற்பவை. அஞ்சத்தக்க பொருளொன்று முன்னே உண்டு; அதனைக் கண்டவன் மெய்யில் நடுக்கந் தோன்றுகிறது. களம் நீங்கின் அச்சமும் நீங்கும் என்பது இவ்வகுப்பின் உட்கிடையாகும்.

பக்தி இலக்கியம் இவ்வரிசையின் இறுதி உறுப்பைப் புதியதோர் ஒளியில் நோக்கிற்று. ‘இறை’ என்னுஞ் சொல் அரசனையுங் குறிக்கும், கடவுளையுங் குறிக்கும். கடவுளாகிய இறையைச் சார்ந்தவன் அரசனாகிய இறைக்கு அஞ்சவேண்டியதில்லை என்பதே பல்லவ மன்னனின் ஆணையை மறுத்து நின்ற திருநாவுக்கரசரின் வரலாறு தரும் செய்தி. கிறித்தவ வேதசாட்சிகளின் சரிதங்களும் பெரும்பாலும் இவ்வார்ப்பிலேயே அமைந்தன. அவற்றில் வரும் அடியார் கலங்குவதில்லை. விசுவாசமுள்ளவன் அஞ்சான், அஞ்சுபவன் விசுவாசங் குன்றியவன் என்னுஞ் சமன்பாடு இவ்வாறு நிலைபெற்றது. சாதாரண மனிதனுக்கு இச்சமன்பாடு பெருஞ்சுமையாகும். கொடிய காலத்தில் அவனுக்கு அச்சம் வருகிறது. அதனோடு, அஞ்சினோமே என்னுங் குற்றவுணர்வும் சேர்ந்து வருகிறது.

இச்சமன்பாட்டை வெளிப்படையாக மறுத்த படைப்பொன்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். பிரெஞ்சு எழுத்தாளர் ஜோர்ஜ் பெர்னானோஸ் (1888–1948) தம் வாழ்வின் இறுதி மாதங்களில் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1949இல் நூலாக வெளிவந்த ‘கார்மேல் கன்னியரின் உரையாடல்கள்’ என்னும் நாடகமே அது. முற்போக்கு நோக்குடைய வாசகர் இந்நூலை ஐயத்துடன் அணுகுவதற்குத் தக்க காரணமுண்டு. மானிட விடுதலையின் பெருநிகழ்வுகளுள் ஒன்றென நாம் கருதும் பிரெஞ்சுப் புரட்சி இங்கு அச்சத்தின் ஊற்றாகத் தோன்றுகிறது; ஆசிரியரோ முடியாட்சியை ஆதரித்த கத்தோலிக்கர். எனினும் அந்த ஐயத்தையே தொடக்கமாகக் கொண்டு நூலை ஆழ்ந்து நோக்குதல் பயனுடைத்து என்பது எம் கருத்து. கொடிய காலத்தில் அச்சத்திற்குச் சமய நம்பிக்கை தரும் விடை யாது? அவ்விடை மனிதனை மயக்கி உறங்கச் செய்கிறதா, அன்றி எழுந்து நிற்கச் செய்கிறதா? இவ்வினாக்களே எமக்கு முக்கியமானவை.

2

நூலுக்கு அடிப்படையான வரலாற்று நிகழ்ச்சியை முதலிற் சுருக்கமாக நோக்குவோம். வடபிரான்சிலுள்ள கொம்பியேன் நகரில் கார்மேல் சபையைச் சேர்ந்த கன்னியர் மடமொன்று இருந்தது. தேசிய சபை 1789 ஒக்ரோபரில் புதிய துறவற வார்த்தைப்பாடுகளை நிறுத்தியது. 1790 பெப்ருவரியில் அவ்வார்த்தைப்பாடுகளையே சட்டத்தால் நீக்கியது. 1792 செப்ரெம்பரில் கன்னியர் மடத்தினின்றும் வெளியேற்றப்பட்டனர். பின்னர் அவர்கள் நகரிற் சிறு குழுக்களாகப் பிரிந்து வாழ்ந்து, இரகசியமாகத் தம் ஒழுக்கத்தைத் தொடர்ந்தனர். 1794 யூனில் கைதாகி, யூலையிற் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொன்சியெர்ஜெரி சிறையில் அடைக்கப்பட்டனர். 1794 யூலை 17ஆம் நாள் ஒரே பகலில் விசாரணையும் தீர்ப்பும் தண்டனையும் நிறைவேறின. பதினாறு பெண்கள் கில்லட்டினால் தலை துணிக்கப்பட்டனர். முதலில் இறந்தவர், சட்டத் தடையால் இறுதி வார்த்தைப்பாட்டை எடுக்கவியலாதிருந்த இளந்துறவி கொன்ஸ்தான்ஸ். இறுதியில் இறந்தவர் மடத்துத் தலைவி. பத்து நாட்களின் பின் றொபேஸ்பியரின் ஆட்சி வீழ்ந்தது.

அவ்விசாரணையின் தன்மையும் கருதத்தக்கது. 1794 யூன் 10ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம் குற்றஞ்சாட்டப்பட்டோருக்கு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமையை மறுத்தது. சாட்சிகளை விசாரிக்கும் கடப்பாட்டையுந் தளர்த்தியது. மரணம் அல்லது விடுதலை என்னும் இரு முடிவுகளையே விட்டுவைத்தது. அதன்பின் ஏழு வாரங்களுக்குள், இக்கன்னியர் இறந்த அதே கொலைக்களத்தில் 1,300 பேருக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டுப் பிக்புஸ் என்னும் இடத்துக் குழிகளிற் புதைக்கப்பட்டனர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் பிரபுக்களோ குருமாரோ அல்லர், சாதாரண குடிமக்கள்.

நிகழ்ச்சியின்போது பாரிசுக்குச் சென்றிருந்தமையால் உயிர் தப்பிய மரீ என்னுந் துறவி எழுதிவைத்த குறிப்புகளே பிற்காலத்தார்க்கு மூலமாயின. தம் உயிரைப் பலியாக ஒப்புக்கொடுக்கத் தலைவி அழைத்தபோது முதிய துறவியர் இருவர் அஞ்சிப் பின்வாங்கினர் என்றும், பின் தாமாகவே வந்து மற்றையோருடன் இணைந்தனர் என்றும் அக்குறிப்புகள் தெரிவிக்கின்றன. திருச்சபை 1906இல் இப்பதினாறு பேருக்கும் முத்திப்பேறு பெற்றோர் என்னும் நிலையையும், 2024 டிசெம்பரில் புனிதர் நிலையையும் வழங்கியது. பீடத்தில் வைக்கப்பெற்றோரின் சரிதத்தில் அஞ்சிப் பின்வாங்கிய இரு முதியவளர் பற்றிய குறிப்பு பெரும்பாலும் ஓரத்திலேயே நின்றுவிடும். இலக்கியமோ அந்த ஓரத்திலிருந்தே தொடங்கிற்று.

3

அத்தொடக்கத்தைச் செய்தவர் யேர்மன் எழுத்தாளரான கெர்ட்றூட் வொன் லெ ஃபோர்ட் (1876–1971). 1931இல் வெளிவந்த ‘கொலைமேடையில் இறுதியாக நின்றவள்’ என்னும் அவரது குறுநாவல் ஒரு கடிதத்தின் வடிவிலானது. வரலாற்றில் இல்லாத பிளான்ஷ் டி லா ஃபோர்ஸ் என்னும் பாத்திரத்தை அவர் புதிதாகப் படைத்தார். பிளான்ஷ் பிரபு ஒருவரின் மகள். இயல்பிலேயே அச்சம் நிறைந்தவள். அச்சத்தினின்றுந் தப்பவே மடம் புகுந்தவள். அவள் குடிப்பெயர் ஆசிரியரின் சொந்தப் பெயரை எதிரொலிக்கிறது. அப்பெயருக்கு ‘வலிமை’ என்பது பொருளாதலின் அதில் ஓர் எள்ளலும் உண்டு. நாற்சிகள் ஆட்சியைப் பிடிப்பதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அக்கதையில் பதினெட்டாம் நூற்றாண்டின் அச்சம் மட்டுமன்றி, யேர்மனியின்மேற் கவிந்துவந்த அச்சமும் பேசுகிறது.

பெர்னானோஸ் இக்கதையை அணுகிய பாதை வேறானது. இளமையில் அவர் முடியாட்சிவாத இயக்கத்திற் பங்குகொண்டவர். 1936இல் ஸ்பானிய உள்நாட்டுப் போர் வெடித்தபோது மயோர்க்காத் தீவில் வாழ்ந்தவர். முதலில் பிராங்கோவின் தரப்பிற்கு அனுதாபங் காட்டியவர். ஆயின் அத்தீவிலே அத்தரப்பினர் ஐயத்திற்குரியோர் எனக் கருதியவர்களை இரவோடிரவாகக் கொன்றதையும், திருச்சபைத் தலைமை அதற்குத் துணைநின்றதையும் கண்டபோது அவரால் வாளாவிருக்க இயலவில்லை. 1938இல் வெளியிட்ட ‘நிலவொளியிற் பெரும் இடுகாடுகள்’ என்னும் நூலில் தம் சொந்தத் தரப்பையும் தம் சொந்தத் திருச்சபையின் ஆயரையும் அவர் குற்றஞ்சாட்டினார். சட்டத்தின் காப்பினின்றும் குடிமக்கள் நீக்கப்பட்டு, வாழ்வையும் சாவையும் அரச பொலிசாரின் விருப்பத்திலிருந்தே எதிர்பார்க்க வேண்டிய ஆட்சி எதுவாயினும் அதனைப் பயங்கர ஆட்சி என்றே அழைக்கவேண்டும் என்பது அந்நூலில் அவர் தந்த விளக்கத்தின் சாரம். எதிர்த்தரப்பில் நின்று போரிடச் சென்ற சிமோன் வெய்ல், தம் தரப்பினரிடையேயும் கொலை இயல்பாகிப்போனதைக் கண்டதாக அவருக்கு எழுதிய கடிதம் புகழ்பெற்றது.

இப்பின்னணியை வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. நாடகத்திற் புரட்சிக் காலப் பயங்கரத்தைக் காட்டும் பெர்னானோஸ், அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே சிலுவை தாங்கிய பயங்கரத்தையுங் காட்டியவர். அவர் கண்டித்தது ஒரு கட்சியின் கொடுமையை மட்டுமெனக் கொள்ளின் நாம் அவரைத் தவறாக வாசித்தவராவோம். 1938இல் பிரான்சை விட்டு நீங்கிப் பின் பிரேசிலில் வாழ்ந்து, அங்கிருந்தே நாற்சி ஆதிக்கத்தையும் அதற்குப் பணிந்த பிரெஞ்சு அரசையும் எதிர்த்து எழுதியவர் அவர். 1947–48இல் துனிசியாவில் நோயுற்றிருந்த நிலையில், லெ ஃபோர்ட்டின் கதையைத் தழுவிய திரைப்படமொன்றுக்கு உரையாடல் எழுதும் பணியை ஏற்றார். எழுதி முடித்த சில மாதங்களில், 1948 யூலை 5ஆம் நாள் காலமானார். சாவை அருகில் வைத்துக்கொண்டு சாவச்சத்தைப் பற்றி எழுதிய நூல் இது. அதன் யேர்மன் மொழிபெயர்ப்பு ‘அருள்பெற்ற அச்சம்’ என்று பொருள்படும் தலைப்பைப் பெற்றது. நூலின் மையத்தை இத்தலைப்பு செவ்வனே சுட்டுகிறது.

4

பிளான்ஷின் அச்சம் எத்தகையது? தொல்காப்பியர் கூறிய நான்கு களங்களில் எதனுள்ளும் அது முற்றாக அடங்காது. புரட்சி தொடங்குமுன்னரே அவள் அஞ்சுகிறாள், நிழலுக்கும் அஞ்சுகிறாள். புறத்தே களமின்றி அகத்தே உறையும் அச்சம் இது. எனினும் இவ்வச்சத்தின் பிறப்பை ஆசிரியர்கள் இருவரும் ஒரு சமூக நிகழ்ச்சியோடு பிணைத்துள்ளனர். 1770இல் பட்டத்து இளவரசரின் திருமணத்தையொட்டிப் பாரிசில் நடந்த வாணவேடிக்கையின்போது பெருநெரிசல் ஏற்பட்டுப் பலர் மிதிபட்டு மாண்டனர். பிளான்ஷின் தாய் கருவுற்றிருந்த நிலையில் தன் வண்டியுடன் அக்கூட்டத்திடையே சிக்குகிறாள். அவ்வதிர்ச்சியிற் குழந்தையைப் பெற்று இறக்கிறாள். வண்டியில் இருப்போரும் தரையில் மிதிபடுவோரும் இடம் மாறும் நாள் வரும் என்ற எச்சரிக்கை அக்காட்சியிலேயே ஒலிக்கிறது. ஆகவே காரணமற்றதெனத் தோன்றும் இவ்வச்சம் உண்மையில் ஒரு வர்க்கத்தின் அச்சமாகவே கருவில் உருவானது. உடைமையாளர் குலம் தன் கதவுக்கு வெளியே நிற்கும் மக்களைப் பற்றிக் கொண்டிருந்த பேசப்படாத நடுக்கம் ஒரு குழந்தையின் நரம்புகளிற் பதிந்துவிட்டது. நூலின் மிக ஆழமான சமூகப் பார்வை இதுவெனலாம். ஆயினும் ஆசிரியர் இதனை வித்தாக இட்டாரேயன்றி வளர்க்கவில்லை.

பிளான்ஷ் மடத்தை அடைக்கலமாகக் கருதி வருகிறாள். முதிய தலைவி மதாம் டி குருவாசி முதற் சந்திப்பிலேயே இம்மயக்கத்தை நீக்குகிறாள். ஒழுங்குவிதி துறவியரைக் காப்பதில்லை, துறவியரே விதியைக் காக்கின்றனர் என்பது அவள் உணர்த்தும் உண்மை. சமயம் கோட்டையன்று என்னும் இக்கருத்து நூல் முழுவதற்கும் அடித்தளமாகிறது. பின்னர், பிளான்ஷை அழைத்துச்செல்ல வரும் அவள் தமையன், அவளை மடத்தில் நிறுத்தி வைத்திருப்பது விசுவாசமன்று, அச்சத்திற்கு அஞ்சும் அச்சமே என்று குத்திக்காட்டுகிறான். சமயத்திற்கு எதிராகப் பகுத்தறிவாளர் கூறும் வலிமையான குற்றச்சாட்டை, அதாவது அச்சமே பக்திக்குத் தாய் என்பதை, பெர்னானோஸ் மறைக்காது தம் நூலுக்குள்ளேயே ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்துள்ளார். அதற்கு அவர் தரும் மறுமொழி தருக்கமாக வரவில்லை. கதையின் போக்காக வருகிறது.

துறவுப் பெயரைத் தெரிவுசெய்யும்போது பிளான்ஷ் கிறித்துவின் மரணவேதனையைக் குறிக்கும் பெயரை வேண்டுகிறாள். ஒலிவத் தோட்டத்தில் வேதனையுற்ற கிறித்துவின் நிலையே அப்பெயராற் சுட்டப்படுகிறது. யேசு திகிலடைந்தார், அந்த வேளை தம்மை விட்டு நீங்கவேண்டுமென மன்றாடினார் என்று மாற்கு நற்செய்தி ஒளிவின்றிக் கூறுகிறது. வேதசாட்சிகளின் சரிதங்கள் கலங்காத அடியாரைக் காட்ட, அவர்கள் வழிபட்ட தலைவனோ கலங்கியவன் என்பது கிறித்தவத்தினுள்ளேயே உள்ள ஒரு முரண். பெர்னானோஸ் தம் இறையியலை இம்முரணின்மீதே கட்டினார். அஞ்சுபவன் இறைவனைவிட்டு அகன்றவன் அல்லன். இறைவன் ஏற்கெனவே சென்றுவந்த இடத்திலேயே நிற்கிறான் என்பது அதன் பொருள்.

5

நாடகத்தின் நடுவே இரண்டு மரணங்கள் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. முதலாவது முதிய தலைவியின் மரணம். பல்லாண்டு தியானத்திற் கழித்த அம்மூதாட்டி நோய்ப்படுக்கையில் பெருந்திகிலுடன் இறக்கிறாள். தியானித்த சாவு வேறு, வந்து நிற்கும் சாவு வேறு என்பதை உணர்ந்து அலறுகிறாள். துணைத்தலைவி மரீ, மற்றைத் துறவியர் இதனைக் கேளாதிருக்கச் சன்னலை அடைக்கச் செய்கிறாள். நிறுவனம் தன் மதிப்பைக் காப்பதற்கு அச்சத்தை மறைக்க முயலும் காட்சி இது. வரலாற்றில் மதாம் டி குருவாசி படுக்கையில் இறந்தவர் அல்லர். பதினாறு பேருள் ஒருவராகக் கில்லட்டினில் இறந்தவர். லெ ஃபோர்ட் செய்து பெர்னானோஸ் விரித்த இம்மாற்றம், புனிதருக்கு எளிய மரணம் வாய்க்கும் என்னும் எதிர்பார்ப்பை வேண்டுமென்றே உடைக்கிறது.

இம்மரணத்தின் பொருளை உரைப்பவள் இளந்துறவி கொன்ஸ்தான்ஸ். ஓரிடத்திற் களைந்துவைத்த மேலங்கிகள் மாறிப்போவதுபோலத் தலைவிக்குத் தவறான மரணம் கொடுக்கப்பட்டுவிட்டது என்கிறாள் அவள். அது அவளுக்கு அளவிற் பொருந்தாத, யாரோ ஒருவருக்குரிய மரணம். அந்த ஒருவர் தம் வேளை வரும்போது சாவு எளிதாயிருப்பதைக் கண்டு வியப்பார். மனிதர் தமக்காக மட்டும் இறப்பதில்லை, ஒருவருக்காக ஒருவரும் ஒருவருக்குப் பதிலாக ஒருவரும் இறக்கின்றனர் என்னும் கொள்கை இவ்வாறு குழந்தைத்தனமான உவமை வழியே நூலுட் புகுகிறது. இறுதியிற் கொலைமேடையை நோக்கி நடுக்கமின்றிச் செல்லும் பிளான்ஷ், முதிய தலைவி முன்னரே செலுத்திவிட்ட விலையைப் பெற்றுக்கொண்டவளாகிறாள்.

இவ்விரு மரணங்களுக்கும் இடையே மரீக்கும் புதிய தலைவி மதாம் லிடுவானுக்கும் இடையிலான முரண்பாடு வளர்கிறது. மரீ உயர்குடிப் பிறப்பினள், அஞ்சாமையே இயல்பானவள், தலைவியாகத் தெரிவுசெய்யப்படுவாள் என எதிர்பார்க்கப்பட்டவள். லிடுவான் நாடகத்தில் எளிய குடியைச் சேர்ந்தவள். நடைமுறை அறிவு மிக்கவள். வேதசாட்சியத்தைத் தேடிச் செல்லுதலை அவள் விரும்புவதில்லை. தம் பெயர் புனிதர் வரிசையில் இடம்பெறுமா என்பதைத் தாமே தீர்மானிக்கலாகாது என மரீயைக் கடிகிறாள். லிடுவான் இல்லாத வேளையில் மரீ வேதசாட்சிய வார்த்தைப்பாட்டை முன்மொழிகிறாள். அதனை ஏற்பதா என்பது இரகசிய வாக்கெடுப்புக்கு விடப்படுகிறது; ஒருவர் மறுத்தாலும் கைவிடப்படும் என்பது நிபந்தனை. ஒரு மறுப்பு வருகிறது. எல்லோரது பார்வையும் பிளான்ஷின்மேல் விழ, மறுத்தவள் தானே எனக் கொன்ஸ்தான்ஸ் அவமானத்தைத் தன்மேல் ஏற்று, மறுப்பையும் மீளப்பெறுகிறாள். வார்த்தைப்பாடு எடுக்கப்பட்டதும் பிளான்ஷ் ஓடிவிடுகிறாள்.

முடிவில் நேர்வது யாது? மரணத்தை விரும்பிய மரீ உயிர் பிழைக்கிறாள். வார்த்தைப்பாட்டை விரும்பாத லிடுவான், சிறையில், தான் எடுக்காத அவ்வார்த்தைப்பாட்டின் பொறுப்பைத் தன் தலைமேல் ஏற்றுத் தன் மக்களுடன் இறக்கிறாள். ஓடிப்போன பிளான்ஷ் கூட்டத்திலிருந்து தானே வெளிப்பட்டு, அறுபட்டுப்போன பாடலைத் தொடர்கிறாள். லெ ஃபோர்ட்டின் கதையில் அவள் கூட்டத்துப் பெண்களால் அடித்துக் கொல்லப்படுகிறாள். பிரான்சிஸ் புலாங்க் இந்நாடகத்தைக் கொண்டு அமைத்து 1957இல் மிலான் நகரில் அரங்கேறிய இசைநாடகத்திலோ தானே கொலைமேடை ஏறுகிறாள். அவ்விசைநாடகத்தின் இறுதிக் காட்சியில் கில்லட்டின் வீழும் ஒலி கேட்குந்தோறும் குழுப்பாடலிலிருந்து ஒவ்வொரு குரலாகக் குறைந்து செல்வது, அச்சமும் கூட்டுறவும் ஒருங்கே புலனாகும் அரங்க உத்தியாகும்.

இந்நிகழ்ச்சிகளிலிருந்து நாம் பெறும் முடிபு இது: நூலிலே விசுவாசம் அச்சத்தை அழிப்பதில்லை. முதிய தலைவியின் அச்சம் அழியவில்லை. லிடுவான் சிறையிலே தன் துறவியருக்குக் கிறித்துவின் அச்சத்தையே நினைவூட்டுகிறாள். விசுவாசம் செய்வது வேறொன்று. அச்சத்தை ஒருவருடைய தனியுடைமையாய் இருக்கவிடாது பொதுவாக்குகிறது. ஒருவர் மற்றவருடைய அச்சத்தைச் சுமக்க இயலும் என்கிறது. கோழை தனித்து நிற்கும்போதே கோழை. பிறர் குரல் ஓய்ந்த இடத்தில் அப்பாடலை எடுக்கவேண்டிய முறை வந்தபோது அவளுக்குக் குரல் வருகிறது.

6

இனி, நூலின் குறைபாடுகளை நோக்குதல் வேண்டும். நாடகத்திற் புரட்சியாளர் வெறும் நிழலுருக்களாகவே வந்து போகின்றனர். பிரான்சின் நிலத்திற் கணிசமான பங்கு திருச்சபையின் உடைமையாய் இருந்தமையும், குடியானவன் செலுத்திய தசமபாகமும், பாணுக்கு எழுந்த பஞ்சமும் மடத்துச் சுவருக்கு வெளியே நின்றுவிடுகின்றன. துறவற வார்த்தைப்பாடுகள் நீக்கப்பட்டமைக்குப் பின்னால், விருப்பமின்றி மடத்தில் அடைக்கப்பட்ட பெண்களை விடுவிக்கும் நோக்கமும் இருந்தது என்பதற்கும் நூலில் இடமில்லை. திதெரோவின் ‘துறவுப்பெண்’ என்னும் நாவல் காட்டிய மடத்தையும் இந்நூல் காட்டும் மடத்தையும் ஒருங்கே வைத்துப் படித்தாலன்றி அக்காலத்தின் முழுவடிவம் தோன்றாது.

இதனினும் பெரிய குறையொன்றுண்டு. கொல்லப்பட்ட பதினாறு பேருள் மூவர் மடத்தின் உடலுழைப்புப் பணிகளைச் செய்த துறவியர். வேறு இருவர் வெளிவேலைகளைக் கவனித்த பணிப்பெண்கள். பின்னைய இருவரும் உடன்பிறந்தவர்கள். துறவற வார்த்தைப்பாட்டாற் கட்டுண்டவர்கள் அல்லர். அவர்களை அக்கொலைமேடைவரை கொண்டுசென்றது எது? பிரபு மகளின் அச்சத்தை நுணுகி ஆராயும் இலக்கியம் பணிப்பெண்ணின் அச்சத்தைப் பற்றி ஏறத்தாழ மௌனமாயிருக்கிறது. அச்சத்திலும் வர்க்க வேறுபாடு உண்டு என்பதையும், எவருடைய அச்சம் ‘இலக்கியத்திற்குரியது’ எனக் கருதப்படுகிறது என்பதும் ஒரு சமூக வினாவே என்பதையும் இம்மௌனம் நமக்கு உணர்த்துகிறது.

ஆயின் இக்குறைகளாற் படைப்பின் பெறுமதி இல்லாதொழியுமா? இவ்விடத்தில் வரலாற்றறிஞர் ஜோர்ஜ் லெஃபெவ்ர் எமக்குத் துணையாகிறார். லெ ஃபோர்ட்டின் குறுநாவல் வெளிவந்ததற்கு அடுத்த ஆண்டு, 1932இல், அவர் ‘1789இன் பேரச்சம்’ என்னும் ஆய்வை வெளியிட்டார். 1789 யூலையின் பிற்பகுதியில், கொள்ளையர் கூட்டங்கள் வருகின்றன என்னும் வதந்தி பிரான்சின் நாட்டுப்புறங்களிற் காட்டுத்தீயெனப் பரவிற்று. வந்த கொள்ளையர் பெரும்பாலும் எவருமிலர். தொல்காப்பியர் கூறிய ‘கள்வர்’ என்னுங் களம் இங்கே இல்பொருளாயிருந்தும் அச்சம் மெய்யாயிருந்தது. ஆயுதம் ஏந்திய குடியானவர் பிரபுக்களின் மாளிகைகளை நோக்கித் திரும்பினர். அச்சம் ஒரு தனிமனித உணர்ச்சி மட்டுமன்று, வரலாற்றை இயக்கும் விசையுமாகும் என்பதை இயக்கவியல் நோக்கோடு நிறுவிய ஆய்வு அது.

இவ்வுண்மையைப் பெர்னானோஸின் நூலோடு பொருத்தும்போது புதியதோர் ஒளி பிறக்கிறது. 1793–94இன் பயங்கர ஆட்சியும் அச்சத்தின் பிள்ளையே. எல்லையில் அந்நியப் படைகள், உள்ளே கிளர்ச்சிகள், பாரிசிற் பஞ்சம், எங்கும் துரோகம் பற்றிய ஐயம் என்பவற்றால் நடுங்கியவர்கள் தம் நடுக்கத்தைப் பிறர்மேல் இறக்கிவைத்தனர். மயோர்க்காவில் ‘பக்தர்கள்’ செய்ததும் அதுவே. ஆகவே அச்சத்திற்கு மனிதர் காட்டும் எதிர்வினை இரு வகைப்படும். ஒன்று, தன் அச்சத்தைப் பிறர்க்குக் கைமாற்றுதல், அது வன்முறையாகிறது. மற்றொன்று, பிறரது அச்சத்தைத் தான் ஏற்றல், அது தோழமையாகிறது. இந்நூல் கூறும் விசுவாசம் இரண்டாவது வகையின் ஒரு சமய வடிவம். சமயத்தை அபினி என அழைத்த மார்க்ஸ், 1844இன் அதே பத்தியில் அதனை மெய்யான துன்பத்திற்கு எதிரான கண்டனம் என்றுங் கூறியதை நாம் மறத்தலாகாது. எந்த வேளையில் அது அபினி, எந்த வேளையில் அது கண்டனம் என்பதைப் பகுத்துணர்வதே விமர்சகனின் கடமை. அச்சமுற்றவனைத் தனியே மண்டியிடவைத்து, எல்லாம் நன்மைக்கே எனச் சொல்லி அனுப்பும் சமயம் அபினி. அவனது கையைப் பற்றி அவனோடு வண்டியிலேறும் சமயத்தை அப்பெயரால் அழைத்தல் பொருந்தாது.

7

இந்நூல் இலங்கைத் தமிழ் வாசகர்க்கு அந்நியமானதன்று. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் கொண்டுவரப்பட்ட நாட்டில், நீதிமன்றின் வழமையான காப்புகள் அகற்றப்படும்போது குடிமகனின் உள்ளத்தில் எத்தகைய அச்சம் குடிபுகும் என்பதை விளக்கவேண்டியதில்லை. கோயில்களிலும் தேவாலயங்களிலும் மக்கள் அடைக்கலம் புகுந்ததையும், 1995 யூலை 9ஆம் நாள் நவாலிப் புனித பேதுரு தேவாலயத்தில் நிகழ்ந்ததுபோல அவ்விடங்களிலேயே குண்டுவீச்சில் மாண்டதையும் நாம் அறிவோம். சமயம் கோட்டையன்று என்னும் முதிய தலைவியின் கூற்று நமக்கு உவமையன்று, அனுபவம். அவ்வாறே, மரணத்தைப் புகழும் மொழி பல தரப்பிலும் ஓங்கி ஒலித்த நிலத்தில், வேதசாட்சியத்தைத் தேடிச் செல்லலாகாது எனத் தடுத்த மதாம் லிடுவானின் நிதானம் தனிக்கவனத்திற்குரியது. வீரத்தை விரும்பிய மரீயைவிட, அஞ்சியோரை விட்டு அகலாத லிடுவானே பெர்னானோஸின் உண்மைத் தலைவி.

அறிவுடைமையைப் பாடிய வள்ளுவர், அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதலை அறிவுடையோர் செயலாகவே வைத்தார். அச்சத்தை இழிவென ஒதுக்காத இத்தெளிவு நம் மரபில் உண்டு. பெர்னானோஸ் அதனினும் ஒரு படி மேற்சென்று, அஞ்சத்தகாததற்கும் அஞ்சும் நலிந்த உயிருக்கும் மானிடக் குழுவில் ஓரிடம் உண்டு என்றார். அவ்விடத்தை அருள் என்று விசுவாசி அழைப்பான்; தோழமை என்று விசுவாசமிலாதவன் அழைப்பான். பெயர்பற்றிய விவாதம் தொடரலாம். ஆனால் கொடிய காலத்தில் எந்தச் சமயமும் எந்த இயக்கமும் அளக்கப்படவேண்டிய அளவுகோலை இந்நூல் தெளிவாகத் தந்துள்ளது: அது தன்னிடம் வந்த கோழையை என்ன செய்கிறது என்பதே அவ்வளவுகோல்.